அரைவால் அங்காயியும் மொட்டைச் சரிவும்

சாமைமேட்டுச் சரிவில் புல் அசைந்தால் போதும், வெள்ளெலி அங்காயி ஓட்டம் எடுத்துவிடுவாள்.

காற்று அசைத்தாலும் ஓட்டம். கௌதாரி நடந்து அசைத்தாலும் ஓட்டம். தின்றுகொண்டிருந்த விதையை அப்படியே போட்டுவிட்டு வளைக்குள் பாய்வாள். குட்டிகளை எண்ணிப் பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. சரியாக இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து விதையைத் தேடுவாள். அதை வேறு யாராவது தின்றிருப்பார்கள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. போன பங்குனியில் ஒரு காட்டுப்பூனை புல்லுக்குள் பதுங்கியிருந்து அவள்மேல் பாய்ந்தது. அங்காயி தப்பித்தாள். அவளுடைய வாலில் பாதி தப்பிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அரைவால் அங்காயி என்றே பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவைதான் இந்த ஐந்து குட்டிகளும். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது.

அந்தச் சரிவு நல்ல செங்குத்து. மேலிருந்து ஒரு நெல்லிக்காயை விட்டால், கீழே இருக்கும் குட்டையில் போய்த்தான் விழும். சரிவு முழுக்க ஆளுயரப் புல். புல்லுக்கடியில் செம்மண். செம்மண்ணுக்குள் ஏழு வெள்ளெலிக் குடும்பங்களின் ஏழு வளைகள். நடு வளை அங்காயியுடையது. சரிவின் ஓரத்தில் யானைப்பாறை என்றொரு பெரிய பாறை; அதற்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றி சடையனின் வளை.

ஒரு நாள் காலையில் அவள் மற்ற ஆறு வீட்டாரையும் கூப்பிட்டாள்.

"பூனைக்குப் பலம் எதுல இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"பல்லுல," என்றது ஒரு கிழட்டு எலி.

"நகத்துல," என்றாள் பக்கத்து வளை ஒச்சம்மா.

"ரெண்டும் இல்ல. இந்தப் புல்லுலதான் இருக்கு. புல்லு மறைக்குது, பூனை பாயுது. புல்லே இல்லேன்னா? அது அங்க வரும்போதே நாம இங்க பாத்துரலாம். பாத்துட்டா ஓடிரலாம். நான் கண்ணை மூடித் தூங்கி ரெண்டு மாசமாச்சு மதினி."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஆகிவிட்டது அவர்களுக்கு.

புல்லுக்குள் முட்டை வைத்திருந்த கௌதாரி சிலம்பாயி மட்டும் கழுத்தை நீட்டினாள். "ஏம்மா அங்காயி, புல்லு போனா நான் எங்க முட்டை வைக்கிறது? உன் தலையிலயா?"

"யானைப்பாறைக்கு அந்தப் பக்கம் போயேன் அக்கா. முள்ளம்பன்றி அண்ணன் பக்கம் புல்லுக்கா பஞ்சம்?"

"முட்டையை யாரு தூக்கிட்டு வருவா?"

"நாங்க ஏழு வீடும் சேந்து உருட்டிட்டு வாரோம்."

சிலம்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஏழு வீட்டை ஒரு கௌதாரி எப்படி எதிர்க்கும்?

"எல்லாம் சரி," என்றாள் ஒச்சம்மா. "இம்புட்டுப் புல்லையும் கடிச்சுத் தீக்க நம்ம பல்லு தாங்குமா? நாம ஒரு பக்கம் கடிச்சுக்கிட்டே போனா, பின்னாலயே முளைச்சுக்கிட்டு வரும்."

"நாம ஏன் கடிக்கணும்? காட்டுப்பன்றி மொக்கையன் எதுக்கு இருக்கான்?" என்றாள் அங்காயி.

மொக்கையன் குட்டைச் சேற்றில் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தது. அங்காயி கரையில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"புல்லு எனக்கெதுக்கு? அடியில கிழங்கு கெடக்கா, அதைச் சொல்லு."

"கெடக்கு. கோரைக்கிழங்கு, காட்டுவள்ளி, எல்லாம் கெடக்கு. பூரா உனக்குத்தான். வேரோட பெரட்டிப் போட்டா சரி."

இன்னொரு கண்ணும் திறந்தது. "ஆனா ஒண்ணு. நான் மேல இருந்து கீழதான் கிண்டுவேன். சரிவுல குறுக்க நடந்தா எனக்கு ஒரு பக்கக் கால் நோகும்."

"எப்படி வேணா கிண்டு. மேல, கீழ, தலைகீழ. எனக்குப் புல்லு போகணும்."

மறுநாள் எலிகள் சிலம்பாயியின் முட்டைகளை யானைப்பாறைக்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டுபோய் வைத்ததும் வேலை தொடங்கியது. மொக்கையன் உச்சியில் மூக்கை ஊன்றினால் குட்டையில் வந்துதான் எடுக்கும். ஏர் உழுத தடம்போல ஒரு சால், இன்னொரு சால், மறுபடி இன்னொரு சால், எல்லாம் மேலிருந்து நேர் கீழாக. புல் வேரோடு புரண்டது. எலிகள் அந்தப் புல்லை இழுத்துப்போய்க் குட்டை ஓரம் குவித்தன. மூன்றே நாளில் சாமைமேடு மொட்டையாகிவிட்டது.

யானைப்பாறைக்கு அந்தப் பக்கம் மட்டும் புல் மிச்சமிருந்தது. மொக்கையன் பாறையைச் சுற்றிக்கொண்டு அங்கேயும் போனதுதான். ஆனால் முள்ளம்பன்றி சடையன் வளையிலிருந்து வெளியே வந்து மறித்துக்கொண்டான்.

"என் பக்கம் மூக்கை நீட்டாதே."

"ஏன் அண்ணே, உங்களுக்குப் பூனை பயம் இல்லையா?" என்று அங்காயி கேட்டாள்.

"பூனைக்குத்தான் என்னைக் கண்டா பயம். காலையில எந்திரிச்சா எனக்கு முதுகு அரிக்கும். இந்தப் புல்லுக்குள்ள நாலு தடவை அங்கயும் இங்கயும் நடந்தாத்தான் அரிப்பு அடங்கும். உங்க பயத்துக்கு என் முதுகா பலி?"

எலிகள் சிரித்துவிட்டன. "முதுகு சொறியறதுக்கு ஒரு காட்டையே வச்சிருக்காரு பாரு," என்று ஒச்சம்மா முணுமுணுத்தாள். அங்காயியும் சிரித்தாள். சிரிப்பு வந்து எவ்வளவு நாளாகிவிட்டது.

அன்றைக்கு மதியம் காட்டுப்பூனை வந்தது. அது உச்சியில் கால் வைக்கும்போதே ஏழு வீட்டாரும் பார்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு கீச்சுக் கொடுத்துவிட்டு வளைக்குள் புகுந்துகொண்டார்கள். பூனை வெட்டவெளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. பதுங்க இடமில்லை. வெயில் வேறு சுட்டது. எழுந்து யானைப்பாறைப் பக்கம் போய்விட்டது.

அங்காயி அன்று நிம்மதியாகத் தூங்கினாள். குட்டிகள் வயிற்றை உதைத்தபோதுகூட அவள் விழிக்கவில்லை.

இப்படி ஒரு வாரம் ஓடியது.

பிறகு சாரல் விழுந்தது. பூமாதிரி விழுந்த மெல்லிய சாரல். மண் வாசனை கிளம்பியது. மொட்டைச் சரிவு அத்தனையையும் குடித்துவிட்டது. ஒரு சொட்டுகூட வழிந்து ஓடவில்லை. குட்டிகள் அன்றுதான் கண் திறந்தன. வாசலுக்கு வந்து மூக்கை மூக்கை நீட்டின.

"பாத்தியா?" என்றாள் ஒச்சம்மா. "மழையும் வந்துட்டுப் போயிருச்சு. புல்லு போயி என்ன குறைஞ்சுபோச்சு?"

ஆனால் மறுநாள் கொஞ்சம் கனத்த தூறல் விழுந்தது. அது நின்றதும் வெளியே வந்த அங்காயி ஒரு வேடிக்கையைப் பார்த்தாள். சரிவில் கிடந்த சின்னச் சின்னக் கூழாங்கற்கள் எல்லாம் தரையைவிட்டு உயர்ந்திருந்தன. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் விரல் கனத்தில் ஒரு மண் தூண். மண் கல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

குட்டிகளுக்கு ஒரே குஷி. கல்லைத் தள்ளித் தள்ளி விளையாடின.

அங்காயி மட்டும் குனிந்து ஒரு தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கல் வளருமா என்ன? கல் வளரவில்லை என்றால், அதைச் சுற்றியிருந்த மண் எங்கே?

அவள் சுற்றிப் பார்த்தாள். யானைப்பாறையின் அடிப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்துப் படிந்திருந்தது. சரிவின் மேல்மண், காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோல வழவழவென்று இறுகிக் கிடந்தது. அவள் நகத்தால் கீறிப் பார்த்தாள். மேலே ஈரம். ஆடைக்கு அடியில் காய்ந்த மண். தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு சடையன் பக்கம் ஓடினாள். அங்கே ஒவ்வொரு புல்லிலும் துளி தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் விழுந்த பெரிய துளி, தாள் தாளாக இறங்கி, அடியில் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே எந்தக் கல்லும் எழுந்து நிற்கவில்லை. சருகுகூட இடம் மாறவில்லை.

"என்ன தாயி, புல்லு வாடை பிடிக்க வந்தியா?" என்றான் சடையன்.

"ஒண்ணுமில்லண்ணே."

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எதுவும் அசையவில்லை, எதுவும் சலசலக்கவில்லை. ஆனாலும் புரண்டு புரண்டு படுத்தாள். எழுந்து குட்டிகளை எண்ணினாள். ஐந்து. படுத்தாள். மறுபடி எழுந்து எண்ணினாள்.

விடிந்ததும் அவள் படுத்தபடியே கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒரு வேர் தொங்கியது. நேற்று அது இல்லை. அந்த வேரைச் சுற்றி லேசாக, மிக லேசாக, வெளிச்சம் தெரிந்தது. ஒரு முழம் கனமாக இருந்த கூரை. மேலே இருந்த மண்ணைப் பன்றி பாதி கிண்டிவிட்டது. மீதியை மழை துளித்துளியாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"ஒச்சம்மா மதினி, நம்ம கூரை கரையுது. பெரிய மழைக்கு முன்னால குட்டிகளைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவோம்."

ஒச்சம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "புல்லு இருந்தா புல்லுக்குப் பயம். புல்லு போனா மண்ணுக்குப் பயமா? அந்தப் பக்கம்தான் பூனை கெடக்கு, தெரியுமுல்ல? நீதானடி அதை அங்க வெரட்டின."

 அங்காயி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். போகலாமா, இருக்கலாமா? பாதி வால் தன்னால் துடித்தது.

அவள் முடிவு செய்வதற்குள் மேற்கே வானம் கருத்துவிட்டது.

மதியம் முதல் துளி விழுந்தது. துளியா அது? ஒவ்வொன்றும் புளியங்கொட்டைப் பருமன். விழுந்த இடத்தில் மண் வெடித்துச் சிதறியது. இரண்டாவது, பத்தாவது, பிறகு எண்ண முடியவில்லை. வானமே கவிழ்ந்துகொண்டதுபோல மழை. இறுகிய மேல்மண் ஒரு சொட்டையும் உள்ளே வாங்கவில்லை. அத்தனை தண்ணீரும் கீழே ஓட வழி தேடியது.

வழிதான் தயாராக இருந்ததே. மொக்கையன் போட்ட சால்கள் உச்சியிலிருந்து நேராகக் கீழே வந்தன. தண்ணீர் அதில் இறங்கியது. இறங்க இறங்க வேகம் பிடித்தது. வேகம் பிடிக்கப் பிடிக்க இரண்டு பக்க மண்ணையும் கடித்தது. சால் வாய்க்கால் ஆயிற்று. வாய்க்கால் ஓடை ஆயிற்று. செந்தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று அங்காயி கத்தினாள்.

ஏழு வளையிலிருந்தும் எலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தன. எங்கே போவது? மேலே தண்ணீர். கீழே குட்டை. சரிவில் பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சேறாக வழுக்கியது.

யானைப்பாறைக்கு அந்தப் பக்கம் மட்டும் புல் தலையாட்டிக்கொண்டு நின்றது. அங்காயிக்குத் தெரியும், பூனையும் அங்கேதான். ஒரு நொடி நின்றாள். பிறகு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அந்தப் புல்லை நோக்கியே ஓடினாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே ஓடினார்கள்.

புல்லுக்குள் நுழைந்தால், இரண்டு மஞ்சள் கண்கள். காட்டுப்பூனை பாறை இடுக்கில் நனைந்து சுருங்கி உட்கார்ந்திருந்தது. ஏழு வீட்டு எலிகளும் தன்னைத் தேடிக்கொண்டு வாய்க்கே வருவதைப் பார்த்து அதற்கே நம்பிக்கை வரவில்லை. மெல்ல எழுந்தது.

"சடையண்ணே!" அங்காயி குட்டியைக் கீழே வைத்துவிட்டு அலறினாள்.

சடையன் வளை வாசலிலிருந்து தலையை நீட்டினான். "மழை நேரத்துல நிம்மதியாப் படுக்க விடமாட்டீங்களா?" என்றவன் பூனையைப் பார்த்தான்.  திரும்பி நின்று முதுகை ஒரு உதறு உதறினான். முட்கள் அத்தனையும் சலசலவென்று எழுந்தன. பின்பக்கமாகவே பூனையை நோக்கி நடந்தான். பூனை ஒரு அடி பின்வாங்கியது. மறு அடியில் பாறைமேல் ஏறி மழைக்குள் ஓடியே போய்விட்டது.

"எல்லாம் என் பின்னால நில்லுங்க. முள்ளுல படாம," என்றான் சடையன்.

அங்காயி நிற்கவில்லை. திரும்ப ஓடினாள். இரண்டாவது குட்டி. மூன்றாவது. நாலாவதையும் கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாவதுக்காகத் திரும்பியபோது வாசலைக் காணோம். சேறு சரிந்து வாசலை மூடிவிட்டது.

"அங்காயி, போகாதடி!" ஒச்சம்மாவின் குரல் மழையில் கேட்டது.

அவள் வாசல் இருந்த இடத்தில் தோண்டினாள். தோண்டத் தோண்டச் சேறு வந்து நிரம்பியது. அப்போதுதான் அந்த வேர் நினைவுக்கு வந்தது. மேலே ஏறினாள். மழை தேய்த்துத் தேய்த்து, கூரை இப்போது தோசைக் கனம்தான் இருந்தது. வேர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பல்லால் பற்றி இழுத்தாள். கூரை பொத்தென்று உள்ளே விழுந்தது. கழுத்தளவு சேற்றில் குட்டி மூக்கை மட்டும் மேலே தூக்கி நின்றது, குட்டையில் கிடக்கும் மொக்கையன் மாதிரியே. அவள் அதன் பிடரியைக் கவ்வி இழுத்து ஓடினாள். அவள் பாறையைத் தாண்டவும், நடு வளை இருந்த இடம் முழுசாகப் பெயர்ந்து கீழே போகவும் சரியாக இருந்தது.

புல்லுக்குள் வந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இன்னொரு தரமும் எண்ணினாள்.

மறுநாள் வெயில் வந்தது. சாமைமேட்டைப் பார்க்கவே கண் கூசியது. சரிவு முழுக்கப் பூனை பிறாண்டியதுபோலப் பள்ளம் பள்ளமாக ஓடை. மேல்மண் போய் அடிப்பாறை வெள்ளையாகத் தெரிந்தது. ஏழு வளையில் ஒன்றுகூட இல்லை. சேர்த்து வைத்த விதை ஒரு மணிகூட இல்லை.

கீழேயிருந்து உறுமல் கேட்டது. மொக்கையன் மூச்சிரைக்க ஏறி வந்தது.

"யாருடா என் குட்டையை மண்ணு போட்டு மூடுனது? படுக்க முழங்கால் ஆழம் இல்ல. எவன்னு சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணு பாக்குறேன்."

"சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள் அங்காயி.

"சொல்லு."

"நீயும் நானும்தான். நான் இந்தச் சரிவோட புல்லுப் போர்வையை உருவச் சொன்னேன். நீ தண்ணிக்குப் பாதை போட்டுக் குடுத்த. மேல கெடந்த என் வீடுதான் இப்போ உன் குட்டையில கெடக்கு."

மொக்கையன் சரிவைப் பார்த்தது. குட்டையைப் பார்த்தது. தான் போட்ட சால்களையும், அதே இடத்தில் ஓடிய ஓடைகளையும் பார்த்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டது.

அங்காயி உட்காரவில்லை. அவளுக்கு உட்கார நேரம் இல்லை. அடுத்த மழை எந்நேரமும் வரலாம்.

"சடையண்ணே, உங்க பக்கத்துல இருந்து கொஞ்சம் புல்லுத் தூர் வேணும். வேரோட."

"என் முதுகு சொறியற இடத்தைத் தொடாம எங்க வேணா எடுத்துக்கோ."

"மொக்கையா, நீ கிண்டணும். ஆனா இந்தத் தடவை குறுக்க."

"கால் நோகுமே."

"நோகட்டும். எனக்கு வீடே போச்சு."

மொக்கையன் நொண்டி நொண்டிக் குறுக்கே சால் போட்டது. எலிகள் புல் தூர்களை இழுத்துவந்து, சால் சாலாக நெருக்கி ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்கின. குட்டை ஓரம் குவித்திருந்த காய்ந்த புல்லையும் விடவில்லை. அதை மேலே இழுத்துவந்து வெறும் மண்ணில் பரப்பிவிட்டன. அடுத்த மழை வந்தபோது தண்ணீர் முதல் வரிசைத் தூரில் முட்டித் தயங்கியது. கொண்டுவந்த மண்ணை அங்கேயே இறக்கிவைத்தது. இரண்டாவது வரிசையில் இன்னும் தயங்கியது. எல்லா வரிசையும் பிழைக்கவில்லை. இரண்டு வரிசை அடித்துக்கொண்டு போனது. அங்காயி அதை மறுபடி ஊன்றினாள்.

பூனைக்கு என்ன வழி? அதற்கும் யோசித்தாள். ஒவ்வொரு புது வளைக்கும் வாசல் இரண்டு. வாசலைச் சுற்றி எலி நீளத்துக்கு மட்டும் புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்துக்கொள்வது, வேரைத் தொடுவதில்லை. இவ்வளவையும் முடித்துவிட்டு, சிலம்பாயியிடம் போய் நின்றாள்.

"அக்கா, புல்லு வளர்ந்துருச்சு. திரும்ப வாங்க."

"வரலாம். முட்டையை யாரு உருட்டிட்டு வருவா?"

"நாங்கதான். ஆனா பூனை வந்தா மட்டும் ஒரு சத்தம் குடுக்கணும்."

"அதை இத்தனை நாளும் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ புல்லு சத்தத்துக்கே ஓடினா என் சத்தம் எங்க கேக்கும்?" என்றாள் சிலம்பாயி.

ஐப்பசிக்குள் சாமைமேடு திரும்பவும் பச்சையாகிவிட்டது. இன்றைக்கும் புல் அசைந்தால் அங்காயி ஓட்டம் எடுக்கத்தான் செய்கிறாள். விதையைப் போட்டுவிட்டு வளைக்குள் போய்க் குட்டிகளை எண்ணத்தான் செய்கிறாள். ஆனால் திரும்பி வரும்போது வழியில் சாய்ந்த புல் தூர் எதையாவது பார்த்தால், நின்று அதை நிமிர்த்தி, அடியில் மண்ணை மிதித்துவிட்டுத்தான் போகிறாள்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு பயத்தைப் போக்க நினைத்து மலையின் பச்சைப் போர்வையை உரிப்பவர்கள், அதைவிடப் பெரிய ஆபத்துக்குத் தாங்களே பாதை போட்டுக் கொடுக்கிறார்கள்.